பாதையில் பதிந்த அடிகள்: நாவலில் வாழும் மணலூர் மணியம்மை

முன்னுரை

பெண்ணுரிமைக்காகவும் உழைப்பாளர் உரிமைக்காகவும் போராடிய பெண்கள் பலரின் வரலாறு முறையாக எழுதப்படவில்லை. அவ்வாறு மறைந்துபோக இருந்த ஒருவரின் வாழ்க்கையை நாவலாக்கிக் காத்தவர் ராஜம் கிருஷ்ணன். 1991இல் வெளிவந்த ‘பாதையில் பதிந்த அடிகள்’ என்னும் அந்நாவலின் தலைவி மணலூர் மணியம்மை. பெரியாரின் துணைவியாரான ஈ.வெ.ரா. மணியம்மையார் வேறு, இவர் வேறு.

மணியம்மையின் வாழ்க்கை

கீழத்தஞ்சைப் பகுதியின் பிராமணக் குடும்பத்தில் பிறந்த இவரது இயற்பெயர் வாலாம்பாள். அக்கால வழக்கப்படி சிறு வயதிலேயே திருமணம் நடந்தது. இளமையிலேயே கணவரை இழந்தார். கைம்பெண்கள் தலையை மழித்து வீட்டின் ஒரு மூலையில் ஒடுங்கிக் கிடக்க வேண்டும் என்பது அன்றைய கட்டுப்பாடு. மணியம்மை அதற்கு உடன்படவில்லை. மணலூரில் குடும்ப நிலத்தின் சாகுபடியைத் தாமே கவனித்தார். அப்போதுதான் பண்ணையாட்களின் துயரத்தை நேரில் கண்டார்.

முதலில் காங்கிரசிலும் பின்னர் கம்யூனிஸ்டு இயக்கத்திலும் பணியாற்றினார். சேரிகளுக்குள் சென்று மக்களோடு பழகினார். தலைமுடியைக் கிராப்பாக வெட்டிக்கொண்டு வேட்டியும் சட்டையும் அணிந்தார். சிலம்பமும் கற்றார். ஊர் ஊராகத் தனியே நடந்து செல்லும் பெண்ணுக்கு இவை தேவையாக இருந்தன. கைம்பெண் கோலத்தை மறுத்ததன் அடையாளமாகவும் இவை அமைந்தன.

பண்ணையாட்களின் போராட்டம்

வேலைக்குத் தாமதமாக வந்தாலும் எதிர்த்துப் பேசினாலும் சவுக்கடி கொடுப்பதும் சாணிப்பால் புகட்டுவதும் அன்றைய தஞ்சையில் வழக்கமாக இருந்தன. நடவிலும் களையெடுப்பிலும் குனிந்து நின்ற பெண்களுக்குக் குறைந்த கூலியோடு இழிவும் சேர்ந்து கிடைத்தது. 1940களில் பி. சீனிவாசராவ் முதலியோர் விவசாயிகள் சங்கத்தைக் கட்டியெழுப்பினர். மணியம்மையும் அதில் முன்னின்றார். 1944இல் மன்னார்குடியில் ஏற்பட்ட ஒப்பந்தம் சவுக்கடிக்கும் சாணிப்பாலுக்கும் முடிவு கட்ட வழிசெய்தது. 1952இல் தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு, 1953இல், மான் ஒன்று முட்டியதால் மணியம்மை இறந்தார்.

நாவல் உருவான விதம்

ராஜம் கிருஷ்ணன் 1925இல் முசிறியில் பிறந்தவர். எழுதப்போகும் மக்களிடையே நேரில் சென்று செய்தி திரட்டுவது இவரது முறை. தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களைப் பற்றிக் ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். ஆனைக்குட்டம் முதலிய ஊர்களைக் கொண்ட விருதுநகர், சிவகாசி வட்டாரத்தின் தீப்பெட்டித் தொழிலில் சிக்கிய சிறுவர் சிறுமியரைப் பற்றி எழுதியது ‘கூட்டுக் குஞ்சுகள்’. தஞ்சை உழவர்களைப் பற்றிய ‘சேற்றில் மனிதர்கள்’ நாவலுக்காகக் கிராமங்களில் அலைந்தபோது மணியம்மையின் பெயரைக் கேள்விப்பட்டார். அவரை அறிந்த முதியவர்களின் நினைவுகளைத் திரட்டியே பின்னர் இந்நாவலை எழுதினார்.

வரலாறும் கற்பனையும்

இத்தகைய நாவலை வாசிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஒப்பந்தம், சட்டம் போன்றவற்றை ஆவணங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். தலைமுடியை வெட்டிய நாளில் மணியம்மை மனத்தில் என்ன நினைத்தார் என்பதற்கு ஆவணம் இல்லை. அந்த இடத்தை நாவலாசிரியரின் கற்பனைதான் நிரப்புகிறது. உரையாடல்களையும் அப்படியே கொள்ள வேண்டும்.

எனினும், ஆவணங்களை மட்டும் நம்பினால் மணியம்மை நமக்குக் கிடைத்திருக்க மாட்டார். நிலமும் கல்வியும் உடையவர்களின் கணக்குகளும் கடிதங்களும் காக்கப்பட்டன. எழுதப் படிக்க வாய்ப்பில்லாத பண்ணையாட்களிடம் இருந்தது நினைவு மட்டுமே. அவர்களது தலைமுறை மறைந்தால் அதுவும் மறைந்துவிடும். அதற்கு முன்பாக அந்த நினைவை எழுத்தாக்கியதே இந்நாவலின் பெரும் பணி.

முடிவுரை

ராஜம் கிருஷ்ணன் 2014இல் மறைந்தார். அவர் வாழ்ந்தபோதே, 2009இல், தமிழக அரசு அவருடைய நூல்களை நாட்டுடைமையாக்கியது. எனவே மணியம்மையின் கதையை இன்று எவரும் தடையின்றிப் படிக்கலாம். ஒவ்வொரு வட்டாரத்திலும் வயலிலும் ஆலையிலும் உரிமை கேட்ட பெண்கள் இருந்திருக்கிறார்கள். அவர்களை அறிந்த முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்பது இன்றைய மாணவர்களால் இயன்ற வரலாற்றுப் பணியாகும்.