கதவும் துண்டும்: இரு கரிசல் கதைகள்

கோவில்பட்டிக்கு அருகே உள்ள சிற்றூர் இடைசெவல். 1923 செப்டம்பர் 16ஆம் நாள் அங்கே கி. ராஜநாராயணன் பிறந்தார், ஒரு வாரம் கழித்து, 23ஆம் நாள், கு. அழகிரிசாமி. நூற்றாண்டு கண்டுவிட்ட இவ்விருவரின் கதைகளைப் படிக்குந்தோறும் எனக்குத் தொல்காப்பியத்தின் பொருளதிகாரம் நினைவில் எழுகிறது.

அகப்பாட்டுக்கு மூன்று பொருள்களை வகுத்தார் தொல்காப்பியர். நிலமும் பொழுதும் முதல். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியன கரு. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் உரி. முதலினும் கருவும், கருவினும் உரியும் சிறந்தன என்பது அவர் கொள்கை. செய்யுளுக்குச் சொன்னது உரைநடைக்கு அப்படியே பொருந்தாதுதான். ஆயினும் மாந்தர், சூழல், பின்னல், நோக்கு என்று நாம் தனித்தனியே பிரித்துக் கற்பிக்கும் கூறுகள் எங்கே ஒன்றுகூடுகின்றன என்பதற்கு இங்கே விடை இருக்கிறது. உணர்ச்சி தானாக வந்து நிற்பதில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு பொருளின் மேல் ஏறித்தான் வருகிறது.

கி.ரா.வின் ‘கதவு’ கதையில் அந்தப் பொருள் ஒரு பழைய கதவு. பிள்ளைகளுக்கு அது பஸ். ஏறி நின்று ஆடுகிறார்கள். தீர்வை பாக்கிக்காகத் தலையாரி அதைக் கழற்றிக்கொண்டு போகும்போது அதுவே கடன். பிழைப்புத் தேடிப் போன தகப்பன் திரும்பவில்லை. கதவில்லாத வீட்டுக்குள் வாடைக் காற்று புகுகிறது, கைக்குழந்தை இறந்துபோகிறது. இப்போது கதவு என்பது ஓர் உயிரின் விலை. வறுமையைப் பற்றி ஆசிரியர் பிரசங்கம் செய்யவில்லை. ஒரே மரப்பலகையின் மதிப்பை மூன்று முறை மாற்றுகிறார், அவ்வளவுதான். கதைப்பின்னல் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் அறியேன். சாவடிக்குப் பின்னே கிடக்கும் கதவைப் பிள்ளைகள் கட்டிக்கொள்ளும்போது, உரிப்பொருளான இரங்கல் பெயர் சொல்லாமலே வந்து நிற்கிறது.

அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ இன்னும் நுட்பமானது. யார் வீட்டில் எது உயர்த்தி என்று பிள்ளைகள் போட்டி போடுவதில் தொடங்குகிறது. பணக்கார வீட்டுக்கு ஒரு ஜமீன் ராஜா தீபாவளிக்கு விருந்தாளி. ஏழை வீட்டுக்கோ ராஜா என்ற பெயருடைய அநாதைச் சிறுவன் வந்து சேர்கிறான். அவ்வீட்டுத் தாயான தாயம்மாள் அவனுக்குச் சோறிட்டு, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டுகிறாள். கணவனுக்கென்று வாங்கிய புதுத் துண்டு சிறுவனின் இடுப்புக்குப் போகிறது. கருணை என்ற சொல்லுக்கு அங்கே வேலையே இல்லை, துண்டு போதும். கடைசியில், தங்கள் வீட்டுக்கும் ராஜா வந்திருப்பதாகத் தாயம்மாளின் மகள் மங்கம்மாள் சொல்லும்போது அவள் பெருந்தன்மை பேசவில்லை. முதல் பக்கத்துப் போட்டியைத்தான் தொடர்கிறாள். முடிவின் விதை தொடக்கத்திலேயே ஊன்றப்பட்டிருக்கிறது. நோக்குநிலையின் வெற்றியும் இதுவே: குழந்தைக்குத் தெரியாதது வாசகனுக்குத் தெரிகிறது.

மொழியைப் பற்றி ஒரு சொல். கரிசல் வழக்குக்குச் சொல்லகராதியே தொகுத்தவர் கி.ரா.; ஆனால் அவர் கதையில் வட்டாரச் சொல் அலங்காரமாக ஓரிடத்திலும் உட்காரவில்லை. அந்தச் சொல்லின்றி அந்தப் பொருளே இல்லை என்னும்போதுதான் வருகிறது.

எழுதத் தொடங்கும் இளைஞர்களிடம் நான் வேண்டுவது ஒன்றுதான். இவ்விரு கதைகளையும் ஒரே நாளில் அருகருகே வைத்து வாசியுங்கள். துண்டு கைமாறும் இடத்தில் சற்று நின்று, அங்கே ஆசிரியர் எத்தனை சொற்களைச் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பாருங்கள்.