அயர்லாந்துச் சங்கிலி பிறந்த கதை

ஒட்டுப்போட்ட துணி என்றதும் நமக்கு வறுமைதான் நினைவுக்கு வருகிறது. கிழிந்த வேட்டிக்கு ஒட்டு, தேய்ந்த தலையணை உறைக்கு ஒட்டு. அதனால் துண்டுத் துணிகளைக் கோத்துத் தைக்கும் போர்வையும் ஏதோ ஓர் ஏழை வீட்டில்தான் பிறந்திருக்க வேண்டும் என்று எளிதாக நம்பிவிடுகிறோம். அதுவும் அதன் வடிவத்துக்கு 'ஐரிஷ் செயின்', அதாவது அயர்லாந்துச் சங்கிலி, என்று பெயர் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அயர்லாந்தின் உருளைக்கிழங்குப் பஞ்சமும், குளிரில் நடுங்கும் பிள்ளைகளும், கந்தலைச் சேர்த்துத் தைக்கும் தாயும் கண்ணில் தெரிந்துவிடுவார்கள். உருக்கமான படம்தான். ஆனால் ஆதாரங்களைத் தேடிப் போனால் வழி வேறு பக்கம் திரும்புகிறது. உளுந்தூர்பேட்டைக்காரர்களுக்கு அது பழக்கப்பட்ட வழி, கிழக்கே கடலூருக்குப் போகிற வழி. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் என்றாலும், 1993 வரை நாம் தென்னார்க்காட்டுக்காரர்கள். கடலூர்தான் நமக்குத் தலைநகர்.

அந்தக் கடலூரை ஒட்டிய தேவனாம்பட்டினத்துக் கோட்டையை, 1690-ல் செஞ்சியிலிருந்த மராட்டியர்களிடம் ஆங்கிலேயக் கம்பெனி விலைக்கு வாங்கியது. கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும்? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டுக் குண்டு போய் விழும் தூரம் வரை. இருப்பதிலேயே நல்ல பீரங்கியாகப் பார்த்துச் சுட்டார்கள். அந்த எல்லைக்குள் விழுந்த ஊர்களுக்குக் 'குண்டு கிராமங்கள்' என்றே பெயர் வந்தது. கடற்காற்று வாங்கவா இத்தனை சாமர்த்தியம்? துணிக்காகத்தான். நெசவாளர்களும் சாயக்காரர்களும் இந்தக் கரை நெடுக இருந்தார்கள். வடக்கே புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள், தெற்கே பரங்கிப்பேட்டையில் டச்சுக்காரர்கள் என்று எல்லோரும் ஒரே சரக்கைத் தேடித்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தச் சரக்கு, கையால் எழுதிச் சாயம் ஏற்றிய சீட்டித் துணி. கடுக்காயும் எருமைப் பாலும் கலந்த நீரில் துணியை நனைத்து உலர்த்துவார்கள். சிவப்பு வரவேண்டிய இடத்தில் படிகார நீரால் எழுதுவார்கள். அப்போது அங்கே நிறம் என்று சொல்லும்படி ஒன்றுமே இருக்காது. பிறகு சாயவேர் போட்ட கொதிநீரில் துணியை அமிழ்த்தினால், படிகாரம் பட்ட இடமெல்லாம் சிவந்து எழும்பும். துவைக்கத் துவைக்க மற்ற இடம் வெளுக்கும், சிவப்பு மட்டும் நிற்கும். துவைத்தால் போகாத இந்த நிறம்தான் ஐரோப்பாவைக் கிறங்க வைத்தது. அவர்களிடம் கம்பளி இருந்தது, பட்டு இருந்தது, லினன் இருந்தது. பருத்தியில் நிலைத்து நிற்கும் பல வண்ணப் பூவேலை மட்டும் கைகூடவில்லை. புதுச்சேரியில் இருந்த கேர்டூ என்ற சேசு சபைப் பாதிரியார், 1742-ல் இந்தச் செய்முறையைப் படிப்படியாக எழுதிப் பிரான்சுக்கு அனுப்பினார். அதை நான் வேவு என்றுதான் சொல்வேன். அவருக்குச் சொல்லிக்கொடுத்த சாயக்காரர்களுக்கு அது எங்கே போய் முடியும் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

சீட்டி மோகம் முற்றவே உள்ளூர் நெசவாளர்கள் கொதித்தார்கள். பிரான்ஸ் 1686-ல் தடை போட்டது. இங்கிலாந்தில் 1700-ல் இறக்குமதியைத் தடுக்க ஒரு சட்டம்; அது போதாமல் 1721-ல் உடுத்தவும் வீட்டில் பயன்படுத்தவும் தடை. இடையில் 1719-ல் லண்டன் நெசவாளர்கள், சீட்டி உடுத்தித் தெருவில் போன பெண்களின் உடைகளைக் கிழித்தே எறிந்தார்கள். இப்படித் தட்டுப்பாடும் விலையும் ஏறிய ஒரு துணியின் துண்டை எந்த வீட்டில் குப்பையில் போடுவார்கள்?

இங்கிலாந்தின் வடமேற்கே லெவன்ஸ் ஹால் என்றொரு மாளிகை இருக்கிறது. அங்கே இன்றும் காட்டப்படும் ஒட்டுப்போர்வையும் கட்டில் திரைகளும் சுமார் 1708-ஐச் சேர்ந்தவை என்பது மரபு. இங்கிலாந்தில் மிஞ்சியிருப்பவற்றில் மிகப் பழைய ஒட்டுத்துணி வேலை என்று பெயர் பெற்றவை. அவற்றில் இருப்பவை இந்தியச் சீட்டித் துண்டுகள். தைத்தது கந்தைக்காரி அல்ல, மாளிகைக்காரி. அங்கே ஒட்டுப்போர்வை செல்வர் வீட்டுச் சிக்கனத்தில்தான் தொடங்கியது. ஏழை வீட்டுக்கு அது வந்து சேர இன்னும் நூறு வருடம் ஆனது.

வந்த வழியில் அயர்லாந்துக்கு ஒரு பங்கு உண்டு. 1752-ல், டப்ளினுக்கு அருகே டிரம்காண்டிராவில் பிரான்சிஸ் நிக்ஸன் என்பவர், செதுக்கிய செப்புத் தகடுகளைக் கொண்டு துணியில் அச்சடிக்கும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு லங்காஷயர் ஆலைகள், அமெரிக்கப் பருத்தி. அச்சுத்துணி மலிந்தது. மலிந்த பிறகுதான் கூலிக்காரர் வீட்டுப் பெண்களின் கைக்கும் வண்ணத் துண்டுகள் கிடைத்தன.

ஐரிஷ் செயின் அந்தக் காலத்துப் பிள்ளை. பெயர் ஐரிஷ், ஆனால் கிடைக்கும் பழைய மாதிரிகளில் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவைச் சேர்ந்தவை. அமைப்பு மிக எளிது. ஒன்பது சிறு சதுரங்கள் சேர்ந்து ஒரு கட்டம். நான்கு மூலையும் நடுவும் வண்ணம், மீதி நான்கு வெள்ளை. அதற்கு அடுத்த கட்டம் முழு வெள்ளை. இப்படி மாற்றி மாற்றி வைத்தால், வண்ணச் சதுரங்கள் மூலைக்கு மூலை தொட்டுக்கொண்டு போர்வை முழுக்கக் குறுக்குச் சங்கிலியாக ஓடும். வளைவு கிடையாது, வீணாகும் துணியும் குறைவு. புதிதாகத் தையல் பழகும் பெண்ணுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை.

அயர்லாந்திலும் இதைச் செய்தார்கள். டெரி நகரத்துச் சட்டைத் தொழிற்சாலைகளின் வெட்டுத்துண்டுகள் மேலே, வெளுத்த மாவு மூட்டைத் துணி அடியில். பிடித்த நிறம் வெள்ளையில் சிவப்பு. 'துருக்கிச் சிவப்பு' என்று விற்கப்பட்ட, சாயம் போகாத அந்தச் சிவப்பு மஞ்சிட்டி இனத்து வேரில் இருந்து எடுத்தது. நம் சாயவேரும் அதே தாவரக் குடும்பம்தான். இரண்டிலும் சிவப்பைத் தருவது அலிசரின் என்ற ஒரே பொருள். 1869 வாக்கில் ஜெர்மானிய வேதியியலாளர்கள் அதை நிலக்கரித் தாரிலிருந்து செய்து காட்டினார்கள். அதன் பிறகு மஞ்சிட்டியும் போயிற்று, சோழமண்டலக் கரைச் சாயவேரும் போயிற்று. ஆலையில் தோய்த்த சிவப்புத் துணி கப்பலேறி இந்தியாவுக்கே விற்க வந்தது.

கட்டங்களைத் தைத்துவிட்டால் போர்வை ஆகிவிடாது. மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி என மூன்றையும் பிணைக்க வேண்டும். நேரமும் பொறுமையும் உள்ளவர்கள் நெருக்கமாகத் தையலோட்டினார்கள். இல்லாதவர்கள் கட்டினார்கள். தடித்த நூலை மூன்று அடுக்கும் துளைத்து இறக்கி, கால் அங்குலம் தள்ளி மேலே வாங்கி, வலத்தை இடத்தின் மேலும் இடத்தை வலத்தின் மேலுமாக இரண்டு முடி போட்டு, ஓர் அங்குலம் விட்டு நறுக்கினால் ஒரு முடிச்சு. நாலைந்து அங்குலத்துக்கு ஒன்று போதும். பஞ்சு ஒருபக்கம் ஒதுங்காது. தடித்த பஞ்சுக்கும் பழைய கம்பளிக்கும் தையலைவிட இதுவே தோது. நம் தெருவில் இலவம்பஞ்சு மெத்தை தைப்பவர் நீண்ட ஊசியால் குத்தி வாங்கி முடிச்சுப் போடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

அவருக்கு அந்த வேலை தெரிந்தும் போர்வை நம்மிடம் பிறக்கவில்லை. உளுந்தூர்பேட்டை வெயிலில் பஞ்சு வைத்த போர்வை யாருக்கு வேண்டும்? பழைய சேலையை நாலாக மடித்தால் போதுமானது. கல்வராயன் மலையில் மார்கழிக் குளிர் உண்டுதான். அதற்கும் கம்பளி போதும்.

முடிச்சுப் போர்வை இன்று பிழைத்திருப்பது பெரும்பாலும் தர்மத்துக்காக. 1945-ல் தொடங்கிய லூத்தரன் வேர்ல்டு ரிலீஃப் என்ற அமெரிக்க அமைப்புக்காக, அங்குள்ள தேவாலயங்களில் பெண்கள் கூடி உட்கார்ந்து அறுபதுக்கு எண்பது அங்குல அளவில் இவற்றைச் செய்கிறார்கள். அகதி முகாம்களுக்குப் போகிறவை. ஒரு முழுப் போர்வையைத் தையலோட்ட மாதக்கணக்கில் ஆகும். நாலு பேர் சுற்றி உட்கார்ந்தால் கட்டி முடிக்க ஒரு மத்தியானம் போதும்.