ஹாமண்ட்ஸ்வேத் பெருங்களஞ்சியம்

மத்தியகால இங்கிலாந்தில் ஒவ்வோர் உழவனும் தன் விளைவிற் பத்திலொரு பங்கைத் திருச்சபைக்குச் செலுத்தக் கடமைப்பட்டிருந்தான். தசமபாகம் எனப்பட்ட இவ்விறை பெரும்பாலும் கதிர்க்கட்டு, உலர்புல், கம்பளி முதலிய பொருள்களாகவே பெறப்பட்டது. பொருளாகக் கொடுத்ததைப் பணமாக மாற்றிய பொதுச்சட்டம் 1836இலேயே நிறைவேறியது. இப்பங்கைச் சேர்த்துவைக்க எழுந்த கட்டடங்கள் தசமபாகக் களஞ்சியங்கள் எனப் பெயர்பெற்றன. நாளடைவிற் பழைய பெருங்களஞ்சியங்கள் யாவற்றையும் அப்பெயராலேயே சுட்டுவது மக்கள் வழக்காயிற்று. இவ்வழக்கு உண்மை வரலாற்றை எங்ஙனம் மறைக்கும் என்பதற்கு, இலண்டனுக்கு மேற்கே ஹீத்ரோ விமான நிலையத்தின் அயலிலுள்ள ஹாமண்ட்ஸ்வேத் களஞ்சியம் தக்க சான்றாகும்.

இதனைக் கட்டுவித்தது ஊர்த் தேவாலயமன்று, ஒரு கல்லூரியாகும். வின்செஸ்ரர் மேற்றிராணியாராகிய விக்கம் வில்லியம் என்பார் எழுபது ஏழை மாணவர் கற்றற்பொருட்டு 1382இல் வின்செஸ்ரர் கல்லூரியை நிறுவினார். மாணவர்க்கு உணவும் ஆசிரியர்க்கு ஊதியமும் தடையின்றிக் கிடைத்தற்கு நிலவருவாய் இன்றியமையாததாயிற்று. ஆகவே, பிரான்சின் ரூவன் நகரத்துத் துறவிமடமொன்றுக்கு உரியதாயிருந்த ஹாமண்ட்ஸ்வேத் பண்ணையை 1391இல் வாங்கிக் கல்லூரிக்கு உரிமையாக்கினார். அப்பண்ணையின் விளைவைக் காத்தற்கென எழுந்ததே இக்களஞ்சியம். இதற்கு மரம் வாங்கத் தச்சர் கிங்ஸ்ரன் நகருக்குச் சென்ற செய்தி கல்லூரிக் கணக்கேடுகளில் உள்ளது. மரங்களின் ஆண்டுவளையங்களை ஆராய்ந்தோரும் 1426ஐ ஒட்டியே இது கட்டப்பட்டதெனத் துணிந்தனர். ஏடும் மரமும் ஒருமுகமாய்ச் சான்று பகர்தல் வரலாற்று மாணவர்க்கு அரிதிற் கிட்டும் பேறு என்க.

களஞ்சியத்தின் நீளம் 192 அடி. அகலமும் உயரமும் நாற்பதடிக்குச் சற்றுக் குறைந்தவை. உள்ளே இருநிரையாக நிற்கும் ஓக் மரத்தூண்கள் இடத்தை அகன்ற நடுக்கூடமாகவும் இரு பக்கக்கூடங்களாகவும் பகுக்கின்றன. நீளவாக்கிற் பன்னிரண்டு பத்திகள் அமைந்துள்ளன. ஈரம் ஏறித் தூணின் அடி உளுத்துப்போகாவண்ணம் ஒவ்வொரு தூணும் கற்பீடத்தின்மேல் நிறுத்தப்பட்டது. துளையிற் கழுந்தைச் செருகி மரவாணி அறைந்தே தூணும் விட்டமும் சாய்தாங்கியும் பிணிக்கப்பட்டன. கவிஞர் ஜோன் பெற்ஜமன் இதனை மிடில்செக்ஸின் பேராலயம் எனப் புகழ்ந்தது, தேவாலயத்தை ஒத்த இவ்வமைப்பு நோக்கியேயாம்.

இத்துணைப் பெரிய கூரை எதற்கு என்னும் வினா எழலாம். நம் வயல்களிற் சூடு வைப்பதுபோல வெட்டவெளியிற் கதிர்களை நெடுநாள் விட்டுவைத்தல் மழைமிகுந்த அந்நாட்டில் இடருடைத்து. எனவே, கோதுமையும் வாற்கோதுமையும் கதிர்க்கட்டுகளாகவே களஞ்சியத்துட் குவிக்கப்பட்டன. கிழக்குச் சுவரிலுள்ள மூன்று பெருவாயில்கள் வழியாகச் சுமைவண்டிகள் உட்புகுந்தன. குளிர்காலத்தில் வயல்வேலை ஓய்ந்தபின் தொழிலாளர் உள்ளிருந்தே தடிகொண்டு கதிரடித்துத் தானியம் பிரித்தனர்.

அவ்வுழைப்பு மனமுவந்து ஈந்ததென எண்ணுதல் பொருந்தாது. 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இவ்வூர்க் குடியானவர் தம் கடமைகளைக் குறைக்கவேண்டி ரூவன் மடத்தோடு அரசமன்றில் வழக்காடித் தோற்றனர். கல்லூரி இப்பண்ணையை வாங்கியபோது நிலத்தோடு அந்நிலத்துக்குரிய பழைய உரிமைகளையும் சேர்த்தே பெற்றது. பின்னர், 1543இல் நிகழ்ந்த பரிமாற்றத்தால் அது எட்டாம் ஹென்றி மன்னனைச் சேர்ந்தது. பல கைமாறிய களஞ்சியம் 2011இல் இங்கிலாந்தின் மரபுரிமைப் பாதுகாப்பு நிறுவனத்தின் வசமாயிற்று.

இதனைத் தசமபாகக் களஞ்சியம் என்று கூறி அமைவோமாயின், அதனைக் கட்டிய கல்லூரியும் நிரப்பிய உழவரும் நம் கண்ணுக்குப் புலப்படார். ஓரூரார் வியர்வை சிந்தி விளைத்த தானியம் தொலைவிலுள்ள எழுபது மாணவரின் கல்வியாயிற்று. எந்தக் கல்விச்சாலையும் யாருடைய உழைப்பின்மீது நிற்கின்றதென வினாவுதல் அதனிற் பயின்றோர்க்குக் கடனாகும்.