கேம்டன் ஊரும் ஒரு தாயின் கேள்வியும்



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். "சார், பையனுக்கு அமெரிக்காவுல வேலை கிடைச்சிருக்கு. செர்ரி ஹில்லுங்கிற ஊர்ல வீடு பாத்திருக்கான். ஆபீஸ் பக்கத்துல கேம்டன்ல. நெட்ல பாத்தா அது கொலைகார ஊருன்னு போட்டிருக்கு. அனுப்பலாமா சார்?" என்றாள். குரலில் பயம் தெரிந்தது.

வரலாற்று வாத்தியாரிடம் கேட்டால் பதில் சுருக்கமாக வராது என்பது அவளுக்கே தெரியும். அவளிடம் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். பிள்ளைகளை வெளியூர் அனுப்பும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும்.

கேம்டன் நியூ ஜெர்சி மாநிலத்தில் இருக்கிறது. டெலவர் நதிக்கு அந்தக் கரையில் பிலடெல்பியா, இந்தக் கரையில் கேம்டன். கிராமபோன் முன்னால் நாய் உட்கார்ந்து பாட்டுக் கேட்கும் படம் நம் தலைமுறைக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவில் அந்தப் படத்தை முத்திரையாக வைத்திருந்த விக்டர் கம்பெனி 1901ல் தொடங்கியது இங்கேதான். கேம்ப்பெல் சூப் கம்பெனியும் இந்த ஊர்க்காரர்கள் ஆரம்பித்தது. நதிக்கரையில் பெரிய கப்பல் கட்டும் தளம் இருந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கே மட்டும் சுமார் 30,000 பேருக்கு வேலை. 1950ல் ஊரின் மக்கள்தொகை 1,24,555.

அதன் பிறகு தேய ஆரம்பித்தது. 1967ல் கப்பல் தளம் மூடப்பட்டது. மற்ற தொழிற்சாலைகளும் ஒவ்வொன்றாக ஆளைக் குறைத்தன. கார் வாங்க முடிந்த வெள்ளைக்காரக் குடும்பங்கள் புறநகருக்குப் போயின. அரசு உத்தரவாதத்தோடு வீட்டுக்கடன் அவர்களுக்கு எளிதாகக் கிடைத்தது. கறுப்பினத்தாருக்கும் போர்ட்டோ ரிக்கோ மக்களுக்கும் அந்தக் கதவு பெரும்பாலும் சாத்தியே இருந்தது. 1971ல் போர்ட்டோ ரிக்கோக்காரர் ஒருவரைப் போலீஸ் அடித்ததில் கலவரம் மூண்டது. மிச்சமிருந்த கடைக்காரர்களில் பலரும் கிளம்பினார்கள். 1980ல் மக்கள்தொகை 84,910தான்.

போனவர்கள் எங்கே போனார்கள்? அவர்கள் போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது செர்ரி ஹில். 1950ல் அங்கே சுமார் 10,000 பேர். 1970ல் 64,000 பேர். நம் பையன் வீடு பார்த்திருக்கும் அதே செர்ரி ஹில்!

இந்த வரிசையைக் கவனியுங்கள். கொலைக்குப் பயந்து ஊர் காலியாகவில்லை. முதலில் வேலை போனது, பின்னாலேயே ஆட்கள் போனார்கள், அவர்களோடு வரிப்பணமும் போனது. வேலையில்லாத இளைஞர்கள் தெருமுனையில் நின்றார்கள். பிலடெல்பியாவிலிருந்து பாலம் தாண்டி வந்து போதைப்பொருள் வாங்கிப் போவது சுலபம். அந்த வியாபாரத்தோடு துப்பாக்கியும் வந்தது.

2011 ஜனவரியில் காசில்லை என்று நகராட்சி தன் போலீசாரில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பியது. 2012ல் 67 கொலைகள். ஊர் வரலாற்றிலேயே அதுதான் அதிகம்.

இப்போது கொஞ்சம் கணக்கு. ஏறக்குறைய 77,000 பேரில் 67 என்றால் லட்சத்துக்கு 87. மக்கள்தொகை 1950ல் இருந்தபடியே இருந்திருந்தால் அதே 67 கொலைக்கு லட்சத்துக்கு 54தான் வரும். செத்தவர்கள் எண்ணிக்கை மாறவில்லை, வகுக்கும் எண்தான் சிறுத்தது. தேயும் ஊர்களின் குற்றக் கணக்கைப் படிக்கும்போது இதை மறக்கக்கூடாது. இன்னொன்று, சின்ன ஊரில் எண்கள் ஏறி இறங்கும். 2015ல் 32, அடுத்த ஆண்டு 44, அதற்கடுத்த ஆண்டு 23. ஒரே ஒரு ஆண்டை வைத்து நல்லதோ கெட்டதோ தீர்ப்புச் சொல்லிவிட முடியாது.

2013 மே மாதம் நகரப் போலீசையே கலைத்துவிட்டு, மாவட்டத்தின் பெயரில் புதுப் போலீஸ் அமைத்தார்கள். அதிக ஆட்களை எடுத்து, தெருத்தெருவாக நடக்க விட்டார்கள். ஆரம்பத்தில் சைக்கிளில் மணி இல்லை என்பதற்கெல்லாம் அபராதம் போட்டு ஜனங்களின் கோபத்தைச் சம்பாதித்தார்கள். அடிதடிப் புகார்களும் வந்தன. பிறகு பலப்பிரயோக விதிகளைக் கடுமையாக்கினார்கள். இதற்கிடையே வரிச்சலுகை கொடுத்ததில் கம்பெனிகள் சில ஊருக்குள் வந்தன. மருத்துவக் கல்லூரியும் வந்தது. எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்வது கடினம். ஆனால் 2024ல் கொலைகள் 17. பன்னிரண்டு ஆண்டில் நாலில் ஒரு பங்கு.

பூசி மெழுக வேண்டாம். 17 என்றாலும் லட்சத்துக்கு 24 வருகிறது. அமெரிக்கச் சராசரியைப் போல ஐந்து மடங்கு. ஆனால் அந்த ஆபத்து எல்லோருக்கும் சமமாகப் பங்கு வைக்கப்படவில்லை. காரில் வந்து வேலை பார்த்துவிட்டு மாலையில் திரும்புகிறவனை விட, அந்தத் தெருவிலேயே பிறந்து, போக வழியில்லாமல் இருக்கும் ஏழை வீட்டுப் பையன்தான் அதைச் சுமக்கிறான். பயப்படுகிற தாய்மார்கள் அங்கேயும் இருக்கிறார்கள். அவர்களுக்கு "அனுப்பலாமா" என்று கேட்க வேறு ஊர் இல்லை.

"தைரியமா அனுப்பும்மா. இருட்டினப்புறம் எங்கே போகலாம், எங்கே வேண்டாம்னு கூட வேலை பாக்கறவங்ககிட்ட கேட்டுக்கச் சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சரி சார்" என்றாள்.

பையனுக்கும் ஒரு வேலை கொடுத்திருக்கிறேன். பழைய விக்டர் கட்டடத்தின் கோபுரத்தில் வண்ணக் கண்ணாடியில் அந்த நாய் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. அதைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும். பக்கத்தில் வயதான ஊர்க்காரர் யாராவது கிடைத்தால், கப்பல் கட்டிய காலம் எப்படி இருந்தது என்று கேட்டு எழுத வேண்டும். வந்ததும் இங்கே போடுகிறேன்.

நியூ ஜெர்சிப் பக்கம் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், பையனுக்குக் கொஞ்சம் துணையாக இருங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்