திருவொற்றியூர் புல்லட்டும் அதைக் கழற்றி மாட்டினவங்களும்

பழைய காரை வாங்கி, வெளித்தோற்றத்தைத் தொடாம, உள்ளே புது இன்ஜின், டிஸ்க் பிரேக், நல்ல சஸ்பென்ஷன் எல்லாம் வைத்து ஓட்டுவதற்கு வெளிநாட்டில் ‘ரெஸ்டோமாட்’ என்று பெயர். அந்த மாதிரி வீடியோக்களை ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் பார்க்காத இன்ஜினியரிங் பசங்க ரொம்பக் கம்மி. நம்ம நாட்டுலயும் நடந்திருக்கு. 1950கள் வடிவத்துல இருந்த அம்பாசடருக்குள்ள 1992-ல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸே ஒரு இசுஸு இன்ஜினை இறக்கினாங்க. ஆனா தண்டையார்பேட்டையில் வளர்ந்த எனக்கு அதைவிட நெருக்கமான கதை ஒண்ணு இருக்கு. அதுக்கு ரெண்டு சக்கரம்தான்.

எங்க பக்கத்து மேப்பை ஒரு நிமிஷம் மனசுல விரிச்சுக்கோங்க. எண்ணூர்ல அசோக் மோட்டார்ஸ். பிறகு அதுதான் அசோக் லேலண்ட். லாரிக்கு முன்னாடி அவங்க கோர்த்தது ஆஸ்டின் ஏ40 கார். திருவொற்றியூர்ல எம்ஆர்எஃப், 1946-ல பொம்மை பலூன் செய்த ஒரு கொட்டகைல ஆரம்பிச்ச கம்பெனி. அதே திருவொற்றியூர்லதான் என்ஃபீல்டு. இங்கிலாந்தின் ரெடிச் ஊர்ல இருந்த ராயல் என்ஃபீல்டும், இங்கே அந்த பைக்குகளை விற்றுக்கொண்டிருந்த மெட்ராஸ் மோட்டார்ஸும் 1955-ல சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ தொடங்கினாங்க. முதல்ல ரெடிச்சிலிருந்து உதிரியா பெட்டியில வந்த பாகங்களை இங்கே கோர்த்தாங்க. அப்புறம் அச்சு, டூலிங் எல்லாம் கப்பலேறி வந்தது. 1960களின் தொடக்கத்துல வண்டி முழுக்க இங்கேயே தயாரானது.

சாஃப்ட்வேர்ல ‘ஃபோர்க்’ன்னு சொல்வோம். ஒருத்தர் எழுதின கோடை அப்படியே பிரதி எடுத்து, இன்னொருத்தர் தன் வழியில தனியா கொண்டுபோறது. திருவொற்றியூர் புல்லட் அப்படிப்பட்ட ஒரு ஃபோர்க். ரெடிச் தன் வண்டியை மாத்திக்கிட்டே போச்சு, 1967-ல அந்தத் தொழிற்சாலையை மூடியும் விட்டாங்க. இங்கே மட்டும் 1955 வடிவம் அப்படியே ஓடிக்கிட்டிருந்தது. சோம்பேறித்தனம்னு சொல்லிடலாம். எனக்கு அப்படித் தோணல. லைசென்ஸ் ராஜ்யத்துல புது மாடலுக்கு வெளிநாட்டு இயந்திரம் இறக்குறது பெரும்பாடு. ராணுவத்துக்கும் போலீஸுக்கும் பத்து வருஷம் கழிச்சு வாங்கின பாகம் பழைய வண்டியில பொருந்தணும். அந்த அளவு வண்டியில போட்டியும் கிடையாது. யார் மாத்துவாங்க?

கம்பெனி மாத்தாததை ஓட்டினவங்க மாத்தினாங்க. ஆறு வோல்ட் விளக்கு ராத்திரியில மெழுகுவத்தி மாதிரிதான் எரியும், அதனால பன்னிரண்டு வோல்ட். அடிக்கடி தேயுற காண்டாக்ட் பாயிண்டுக்குப் பதிலா எலெக்ட்ரானிக் இக்னிஷன். பழைய கார்புரேட்டரைத் தூக்கிட்டு மிக்கார்ப். புதுப்பேட்டையில தேடி, ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்ல வாங்கி, தெரிஞ்ச லேத்துல புஷ் போட்டு மாட்டுற வேலை. இது வேகத்துக்காக இல்லை, காலையில ஒரே உதையில ஸ்டார்ட் ஆகணும்னுதான். பெட்ரோல் செலவு தாங்காதவங்க டீசல் இன்ஜினையே தூக்கி வெச்சாங்க. கம்பெனியும் 1993 வாக்குல ‘டாரஸ்’ன்னு டீசல் புல்லட் விட்டது. 325 சிசி, 6.5 குதிரைத்திறன். மைலேஜ் அள்ளும், வேகத்தைப் பத்தி மட்டும் கேக்கக்கூடாது.

வேகத்துக்காகக் கை வைத்தவங்க கடல் தாண்டி இருந்தாங்க. 1977-ல திருவொற்றியூர் வண்டி இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாச்சு. மெட்ராஸ் தன் தாய்வீட்டுக்குப் பழைய சீரைத் திருப்பி அனுப்பின மாதிரி! அங்கே ஹிட்ச்காக்ஸ் மாதிரி கடைகளும், சுவிட்சர்லாந்துல ஃபிரிட்ஸ் எக்லியும் இதைப் பிரிச்சு மேய்ஞ்சாங்க. இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா போகலாம், ஏன்னா இதுதான் சுவாரசியம்.

350 புல்லட்டுக்கு பிஸ்டன் விட்டம் 70 மி.மீ., அது மேலும் கீழும் போற தூரம் 90 மி.மீ. கணக்குப் போட்டா 346 சிசி. 500 வண்டியில விட்டம் 84, தூரம் அதே 90. அதை 87-க்கு ஏத்தினா 535 சிசி. கேக்க சுலபமா இருக்கு. ஆனா பிஸ்டனை மட்டும் பெருசாக்கிட்டு விட முடியாது. கனெக்டிங் ராடின் கீழ்முனை கிராங்க் பின்னைப் பிடிக்கிற இடத்துல பழைய புல்லட்டுக்கு ரோலர் பேரிங் கிடையாது. எண்ணெய்ப் படலத்துல மிதக்குற ஒரு புஷ்தான். மெதுவா ஓட்டுறவனுக்கு அது போதும். சக்தியும் சுழற்சியும் ஏறினா, எண்ணெய் கொஞ்சம் குறைஞ்சாலே அது போயிடும். அதனால ரோலர் பேரிங். அதுக்கேத்த ஆயில் பம்ப். சூட்டைச் சீக்கிரம் வெளியே தள்ள வார்ப்பிரும்பு சிலிண்டருக்குப் பதிலா அலுமினியம். நாலு கியர் பத்தாது, அஞ்சு வேணும். இவ்வளவும் செஞ்ச பிறகு, நிறுத்துறதுக்கு அந்தப் பழைய டிரம் பிரேக்கா? ஒரு லைப்ரரியை அப்டேட் பண்ணப் போய் மொத்த ப்ராஜெக்ட்டும் எரர் காட்டுமே, அதே கதை.

தொழிற்சாலை இந்தப் பட்டியலைக் கடைசியாத்தான் முடிச்சது. 1990-ல ஐஷர் உள்ளே வந்தது. 2000 வாக்குல மாசம் சுமார் 2,000 வண்டிதான் போச்சு, மூடிடலாமான்ற பேச்சும் வந்தது. சித்தார்த்த லால் அவகாசம் கேட்டார். ஆஸ்திரியாவின் ஏவிஎல் துணையோட அலுமினிய இன்ஜின், அஞ்சு கியர், வலது காலிலிருந்து இடது காலுக்கு மாறின கியர், 2008-ல இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள்ள வந்த யூசிஇ. பழைய ஆளுங்க ‘இது புல்லட்டே இல்ல’ன்னாங்க. ஆனா யூசிஇ 350-ஐப் பிரிச்சுப் பாருங்க, விட்டம் 70, தூரம் 90. அந்தத் ‘தட் தட்’டுக்கு வேர் அந்த நீண்ட தூரம்தான், அதைத் தொடல. 2013-ல வந்த கான்டினென்டல் ஜிடி 535 சிசி, விட்டம் 87. கிட் விற்றவங்களைப் பார்த்துச் செஞ்சாங்கன்னு நான் சொல்லல, எண் ஒண்ணா இருக்கு, அவ்வளவுதான். 2020-ல ஜே சீரிஸ் வந்தப்போதான் 72-க்கு 85.8ன்னு அந்த அளவே மாறுச்சு. பழைய புல்லட்டுக்குச் சொன்ன திறன் 18, இதுக்கு 20.2. மாறினது சக்தி இல்ல, அதிர்வும் நம்பகத்தன்மையும்.

இப்போ சட்டம். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக்கூடாதுன்னு சொல்லிட்டது. அதே வருஷம் வந்த சட்டத் திருத்தத்துல மாற்றம் ஒவ்வொண்ணுக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லேன்னா ஆறு மாசம் வரை சிறை, ரெண்டும்கூட உண்டு. 2021-ல விண்டேஜ் விதி வந்தது: 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ நம்பர், கட்டணம் 20,000. ஆனா சேசிஸ், பாடி, இன்ஜின் எல்லாம் அசல் வடிவத்துல இருக்கணும். தினசரி ஓட்டக்கூடாது.

என் பெரிய மாமாகிட்ட 1972 திருவொற்றியூர் புல்லட் இருக்கு. காசிமேட்டு வேலைக்கு அதுலதான் போவார். “டேய், வண்டி ஓட்டறதுக்கா, கண்காட்சிக்கா?”ன்னு கேக்குறார். எண்ணூர் எக்ஸ்பிரஸ்வேயில பக்கத்துல கன்டெய்னர் டிரெய்லர் உரசிக்கிட்டுப் போறப்போ அந்த டிரம் பிரேக்கை நம்பி இருக்கார் மனுஷன். சைலன்சரை வெட்டி ஊரை எழுப்புறவனையும், நிக்கிறதுக்காக டிஸ்க் பிரேக் கேக்குறவரையும் ஒரே தராசுல வைக்கிறது சரியில்லன்றது என் கருத்து. பிரேக், விளக்கு ரெண்டுக்கும் பரிசோதிச்ச கிட், ஆர்டிஓவுல ஒரு ஃபார்ம், முறையான கட்டணம்னு வழி இருந்தா, மறைச்சு மாட்டுறவங்க பாதிப் பேர் வரிசையில வந்து நிப்பாங்க.

மாமாவோட ஆர்சி அடுத்த வருஷம் புதுப்பிக்கணும். அதனால டிஸ்க் வேண்டாம்னு முடிவாச்சு. டிரம்மை ராயபுரத்துல ஒரு லேத்துல கொடுத்து ஓவல் எடுத்து, புது லைனிங் ஒட்டி, கேபிள் மாத்தியிருக்கோம். முன்னைக்கு இப்போ கொஞ்சம் சீக்கிரம் நிக்குது. இன்னும் பத்தலன்றார்.