பேசாத பேச்சின் விலை

தந்திச் சேவகன் வாசலில் சைக்கிளை நிறுத்தினால், உறையைப் பிரிக்கும் முன்பே வீட்டில் அழுகை தொடங்கிவிட்ட காலம் ஒன்று உண்டு. ஆயினும் அந்தத் தந்திக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. சொல்லை எண்ணித்தான் காசு. ஆபத்து வராத வருஷத்தில் தம்படி செலவில்லை. டிரங்க் காலும், பின்னால் தெருவுக்குத் தெரு முளைத்த எஸ்.டி.டி. பூத்தும் இதே தர்மத்தைத்தான் அனுசரித்தன. பேசினால் கூலி, பேசாவிட்டால் இல்லை.

1995 ஜூலை 31-ஆம் தேதி, கல்கத்தாவிலிருந்து முதல் மந்திரி ஜோதி பாசு டில்லியிலிருந்த மத்திய மந்திரி சுக்ராமுடன் கைப்பேசியில் பேசினார். அந்நாளில் நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாய்வரை கட்டணம். வருகிற அழைப்புக்கும் காசு! 2003 மே மாதத்தில்தான் வரும் அழைப்புக்கு விடுதலை கிடைத்தது. 2005-இன் கடைசியில் 'ஆயுள் முழுதும்' என்று 999 ரூபாய்த் திட்டங்கள் வந்தன. ஆனால் யாருடைய ஆயுள்? கம்பெனியின் உரிமம் உள்ளவரை என்பதே அதற்குப் பொருள்!

கோயமுத்தூரில் கணபதி, லேத் பட்டறைகளின் ஓசையிலே விழித்தெழும் ஊர். அங்கே சத்தி ரோட்டுக்கு உட்புறமாய்த் தனியே வசிக்கும் என் அத்தையிடம் ஒரு சிறு கைப்பேசி உண்டு. மாதத்தில் இரண்டு முறை பேசினால் அதிகம். இரவில் நெஞ்சு வலித்தால் பக்கத்து வீட்டாரையோ 108-ஐயோ கூப்பிடுவதற்காக அது தலைமாட்டில் இருக்கிறது.

2018-இன் பிற்பகுதியில் கம்பெனிகள் புது நியதி வகுத்தன. 28 நாளைக்கு ஒருமுறை குறைந்தது 35 ரூபாய் போட்டால்தான் இணைப்பு. வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம். இந்தக் கணக்கிலோ பதின்மூன்று! மொத்தம் 455 ரூபாய். இதை நான் விளக்கியபோது அத்தை கேட்டாள்: "ஏங்கண்ணு, பேசுனா காசு கேக்கறது நாயம். பேசாம மூலைல கெடக்கறதுக்குமா காசு?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்திடம் பாதிப் பதில் உண்டு. 2013-இல் அது செய்த ஏற்பாட்டின்படி, தொண்ணூறு நாள் பேசாமலிருந்தாலும், கணக்கில் இருபது ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு எண்ணைக் காக்க வேண்டும். 2024 டிசம்பரில், இணையம் வேண்டாதவர்களுக்குப் பேச்சும் குறுஞ்செய்தியும் மட்டும் கொண்ட திட்டங்களைத் தனியே தரவேண்டும் என்றும், திட்டங்களின் காலம் 365 நாள்வரை நீளலாம் என்றும் உத்தரவிட்டது. நல்ல உத்தரவுதான். ஆனால் 2025 தொடக்கத்தில் வந்த வருஷத் திட்டங்களில் சில 1,849 ரூபாய்! அளவில்லாமல் பேசலாமாம். அளவோடு பேசுகிறவளுக்கு அதனால் என்ன லாபம்?

அவசரத்துக்கென்று கைப்பேசி வைத்திருப்போர் இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எண் உயிரோடிருப்பது ஒன்று. அதிலிருந்து அழைக்க முடிவது வேறு. இருபது ரூபாய் முன்னதைக் காக்கும். பின்னதற்குத் திட்டம் வேண்டும். மாதக் கட்டணம் மலிவாகத் தோன்றினாலும், பதின்மூன்றால் பெருக்கிப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். காலாவதித் தேதியைக் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். நெஞ்சுவலி அந்தத் தேதியைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

நிமிஷத்துக்குப் பதினாறு ரூபாயாக இருந்த பேச்சு இன்று ஏறக்குறைய இலவசமாகிவிட்டது. மௌனத்துக்குத்தான் விலை ஏறியிருக்கிறது. அதைக் கொடுப்பவர்கள் பெரும்பாலும் தனியே இருக்கும் கிழவர்களும் கிழவிகளுமே.