ஹீலா மான்ஸ்டர்

அமெரிக்காவின் ஹீலா ஆற்றின் பெயரைத் தாங்கிய நச்சுப் பல்லி. கறுப்புடலில் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் மணி கோத்தாற்போல் படர்ந்திருக்கும். அறிவியல் பெயர் ஹெலோடெர்மா சஸ்பெக்டம். கிரேக்கத்தில் ‘ஹெலோஸ்’ ஆணியின் குமிழ்த்தலை, ‘டெர்மா’ தோல். ‘சஸ்பெக்டம்’ என்றால் ஐயத்துக்குரியது: 1869இல் பெயரிட்ட எட்வர்ட் கோப், வரிப்பள்ளம் கொண்ட பற்களைக் கண்டு நஞ்சு இருக்குமோ என ஐயுற்றார். ஐயம் மெய்யாயிற்று.

சொனோரா, மொஹாவி பாலைகளின் பாறைச் சரிவுகளே இதன் வாழிடம். பெரும்பாலும் வளைக்குள் கிடக்கும். வாலில் சேர்த்த கொழுப்பே பஞ்சகால உணவு.

மனிதரைத் தேடிவந்து கடிக்காத உயிருக்கு ‘மான்ஸ்டர்’, அதாவது பூதம், என்பது அநியாயப் பெயர். இதன் நஞ்சில் கண்டறிந்த எக்ஸெண்டின்-4 என்ற பொருளைச் செயற்கையாக உருவாக்கியதே எக்ஸெனடைட். அந்த நீரிழிவு மருந்துக்கு 2005இல் அமெரிக்கா ஒப்புதல் அளித்தது.